சுண்ணாம்புக் கணக்கும் அரைத் தாடி மன்னரும்

முன்னொரு காலத்தில், மலை உச்சியில் நின்றால் கடலில் வரும் கப்பலின் பாய்மரம் தெரிகிற அளவுக்கு மலையும் கடலும் நெருங்கிக் கிடந்த ஒரு நாட்டைத் திருமேனிப் பூபதி என்ற மன்னர் ஆண்டு வந்தார். நல்லவர், கை தாராளமானவர். ஒரே ஒரு குறைதான். மனதில் ஓர் ஆசை முளைத்துவிட்டால் அது நிறைவேறும்வரை அவருக்குச் சோறு இறங்காது. பக்கத்தில் இருப்பவர்களுக்கும் இறங்க விடமாட்டார்.

அவருடைய சபையில் ஆவுடை என்று ஒரு விகடகவி இருந்தான். மெலிந்த உடம்பு, நீண்ட மூக்கு. யார் எதைச் சொன்னாலும் சொன்ன சொல்லை அப்படியே பிடித்துக்கொள்ளும் காது. மன்னர் அவனைத் தம் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொள்வார். அதைப் பார்க்கும்போதெல்லாம் பிரதானி மார்த்தாண்டப்பருக்கு வயிறு எரியும். நாட்டின் வேலைகளையெல்லாம் மேற்பார்வை செய்கிறவர் அவர்தான். அப்படிப்பட்ட தமக்கு அடுத்த வரிசையில் இடம், சிரிக்க வைக்கிறவனுக்கு மன்னர் அருகில் இடமா என்பது அவருடைய தீராத குறை.

ஒருநாள் வடக்கு நாட்டுத் தூதர் விருந்துக்கு வந்திருந்தார். பாயசம் குடித்து முடித்துவிட்டு அவர் மெல்லப் பேச்செடுத்தார்.

"எங்கள் மன்னருக்குத் தம் நாட்டு மண்ணிலிருந்து என்னென்ன எடுக்கிறார்கள் என்பது விரல் நுனியில் இருக்கிறது. சுண்ணாம்புக்கல் எவ்வளவு, காவிக்கல் எவ்வளவு, உப்பு எவ்வளவு, இரும்பு எவ்வளவு, அது எந்தப் பட்டறைக்கு, எந்த வீட்டுக்குப் போகிறது, எல்லாம் சொல்லுவார். தங்கள் நாட்டில் எப்படியோ?"

மன்னர் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். தூதர் புன்னகைத்தபடி கை கழுவப் போனார்.

மறுநாள் காலையில் சபை கூடியதுமே மன்னர் எழுந்து நின்றார். "நம் நாட்டில் மண்ணிலிருந்து எடுப்பது எவ்வளவு, அதை யார் எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்பது எனக்குத் தெரிந்தாக வேண்டும். வருகிற பௌர்ணமியன்று தூதர் விடைபெறுகிறார். அன்று அவர் முகத்துக்கு நேராக நான் கணக்குச் சொல்ல வேண்டும். யார் இந்த வேலையை ஏற்பது?"

பிரதானியின் முகம் ஒரு கணம் வெளிறியது. உடனே சமாளித்துக்கொண்டு, "நம் ஆவுடையைவிடப் புத்திசாலி யார் இருக்கிறார், மன்னா? அவரே செய்யட்டும்" என்றார்.

ஆவுடைக்கோ உற்சாகம் தாங்கவில்லை. நாடு முழுவதும் சுற்றிப் பார்க்கலாம், எந்த மலையில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். அன்றைக்கே ஒரு கட்டுச்சோற்று மூட்டையோடு கிளம்பிவிட்டான்.

முதலில் உப்பளத்துக்குப் போனான். அங்கிருந்தவர்கள், "போன மழையில எல்லாம் கரைஞ்சு போச்சுங்க" என்றார்கள். அவர்கள் முதுகுக்குப் பின்னால் பனையோலை போட்டு மூடிய குவியல்கள் வரிசையாக நின்றன. "அது என்ன?" என்று கேட்டான். "பாட்டன் காலத்து மணல் மேடுங்க" என்றார்கள்.

காக்காப்பொன் தோண்டுகிற மலையடிவாரத்துக்குப் போனான். தகடு தகடாக எடுத்து விசிறிக்கும் பல்லக்குக்கும் பதிக்கிற பளபளப்பான பொருள் அது. அங்கே தரையெல்லாம் மின்னியது. கேட்டதற்கு, "மீன் செதிலுங்க, நேத்து குழம்பு வெச்சோம்" என்று பதில் வந்தது. மலை மேல் மீன் எப்படி வந்தது என்று ஆவுடை கேட்கவில்லை.

கடைசியாகச் சுண்ணாம்புக் காளவாய்க்குப் போனான். கல்லை விறகோடு அடுக்கி எரித்து நீறாக்குகிற பெரிய சூளைகள் அங்கே இருந்தன. அவற்றுக்குத் தலைவி மாடாத்தி. தலைமுடியிலிருந்து கால் நகம் வரைக்கும் வெள்ளைப் பொடி படிந்து, கண் மட்டும் கறுப்பாகத் தெரிந்த பெண்.

"எவ்வளவு சுண்ணாம்பு எடுக்கிறீங்கம்மா?" என்று கேட்டான்.

"எங்க சாமி எடுக்கிறோம். வெத்தலைக்குத் தடவக்கூட இல்ல" என்றாள் மாடாத்தி. சொல்லும்போது அவள் புருவத்திலிருந்து ஒரு பிடி சுண்ணாம்பு உதிர்ந்தது.

ஆவுடைக்கு விஷயம் புரிந்துபோயிற்று. கணக்குக் கேட்டு வருகிறவன் பின்னாலேயே வரி கேட்டு ஒருவன் வருவான் என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். அவர்கள் மேல் அவனுக்குக் கோபம் வரவில்லை. ஆனால் பௌர்ணமியோ நெருங்கிக்கொண்டிருந்தது.

சபைக்குத் திரும்பி வந்து உள்ளதைச் சொன்னான். "மன்னா, குடிமக்கள் சொல்கிறபடி பார்த்தால் நம் நாட்டில் மண்ணைத் தவிர மண்ணுக்குள் ஒன்றுமே இல்லை."

சபை சிரித்தது. மன்னர் சிரிக்கவில்லை. பிரதானி இந்தச் சமயத்துக்காகவே காத்திருந்தார்.

"மன்னா, பொருள் நடமாடிக்கொண்டிருந்தால் எப்படி எண்ண முடியும்? எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும். ஆவுடை எண்ணி முடிக்கும்வரை, மண்ணிலிருந்து தோண்டி எடுத்த எந்தப் பொருளையும் எவரும் எடுக்கவோ பயன்படுத்தவோ கூடாது என்று ஆணையிடுங்கள். மீறினால் நாடு கடத்தல். நாளைப் பௌர்ணமி முடிவதற்குள் கணக்கு முடியாவிட்டால் ஆவுடைக்கும் அதே தண்டனை."

வேலை நின்றுபோன மக்கள் ஆவுடையைத்தான் சபிப்பார்கள், கணக்கும் முடியாது, ஆளும் தொலைவான் என்பது அவருடைய திட்டம்.

ஆவுடை பதறினான். "மன்னா, எரிந்துகொண்டிருக்கிற காளவாயை நடுவில் நிறுத்தினால் கல் வீணாகிவிடும். பெரிய ஏரியின் மதகு வேறு உடைந்து கிடக்கிறது. மழைக்கு முன் அதைக் கட்ட அந்தச் சுண்ணாம்புதான் வேண்டும். சிலருக்காவது விலக்கு…"

"பார்த்தீர்களா, இப்போதே ஓட்டை தேடுகிறார்" என்று குறுக்கிட்டார் பிரதானி. "ஆண்டி முதல் அரசன் வரை எவருக்கும் விலக்கில்லை என்று ஆணையிலேயே சேர்த்துவிடுங்கள், மன்னா. உப்பும் சுண்ணாம்பும் இரும்பும் எல்லாம் அடக்கம். மேற்பார்வையும் ஆவுடையே செய்யட்டும். எந்த இடத்துக்குள்ளும் அவர் நுழையலாம்."

மன்னருக்கு அவசரம். "அப்படியே ஆகட்டும். நாளை சூரிய உதயம் முதல் ஆணை நடப்புக்கு வரும்" என்றார்.

ஆவுடை ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு பிரதானி சொன்ன சொற்களை மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டு குனிந்து வணங்கினான்.

சாயங்காலம் ஊரெங்கும் பறையறைந்து ஆணையைச் சொன்னார்கள். அது காதில் விழுந்த மறுகணம் மாடாத்தி ஓட்டமாக ஓடிவந்து ஆவுடையின் வீட்டு வாசலில் நின்றாள்.

"இது என்ன அநியாயம்? நெருப்பு வெச்சாச்சு. நடுவுல நிறுத்தினா பாதிக் கல்லு வெந்தும் பாதி வேகாமலும் போயிரும். எங்க குடியிருப்பு மொத்தத்துக்கும் அதுதான் சோறு."

"விறகு போடாமல் எவ்வளவு நேரம் தாங்கும்?"

"வாயை அடைச்சு வெச்சா நாளைக்கு உச்சிப்பொழுது வரைக்கும் தாங்கும். அதுக்கு மேல தாங்காது."

"அம்மா, ஆணையை நல்லாக் கேட்டீங்களா? நான் எண்ணி முடிக்கும்வரைக்கும்தான் தடை. எண்ணி முடிச்ச பொருளுக்குத் தடை இல்லை. நாளைக்குக் காலையில அரண்மனை மைதானத்துக்கு வாங்க. உள்ளதை உள்ளபடி சொல்லுங்க. அந்த நிமிஷமே நீங்க நெருப்பை மூட்டலாம்."

"உள்ளதைச் சொன்னா வரி ஏறுமே. அதுக்கு யாரு பொறுப்பு?"

"வாங்க, பார்த்துக்குவோம்" என்று மட்டும் சொன்னான் ஆவுடை. அவளுடைய கறுத்த கண்கள் அவனை நம்பாமல் பார்த்தன.

பொழுது விடிந்தது.

அன்றுதான் பௌர்ணமி, தூதர் மன்னரிடம் விடைபெற வருகிற நாள். மன்னர் வேண்டுதலுக்காக வளர்த்த தாடியை எடுத்துவிட்டு, தூதரைப் பளபளப்பாக வரவேற்க நினைத்திருந்தார். நாவிதர் இடது கன்னத்தை மழித்து முடித்து வலது கன்னத்துக்கு வந்தார். கீழ்வானத்தில் சூரியன் எட்டிப் பார்த்தது. கதவைத் திறந்துகொண்டு ஆவுடை உள்ளே வந்தான்.

"நாவிதரே, கத்தியைக் கீழே வையுங்கள். அது இரும்பு. இரும்பு மண்ணிலிருந்து தோண்டியது. இன்னும் எண்ணவில்லை."

"ஆவுடை, பாதி முகம் பாக்கி இருக்கிறது" என்றார் மன்னர்.

"தெரிகிறது, மன்னா. ஆண்டி முதல் அரசன் வரை என்று தாங்களே ஆணையிட்டீர்கள். மீறினால் நாடு கடத்தல். தங்களை நாடு கடத்தும் பாவம் எனக்கு வேண்டாம்."

மன்னர் அவனை முறைத்தார். ஆனால் சொல் தவறாதவர் என்று பெயரெடுத்த மன்னர் அவர். எழுந்து குளிக்கப் போனார். வெந்நீர் அண்டா செம்பு. பச்சைத் தண்ணீரைச் சுரைக்குடுவையில் மொண்டு ஊற்றிக்கொண்டார். நாமக்கட்டியை எடுத்தார். அது வெள்ளை மண், வைத்துவிட்டார். இடுப்பில் பொன் ஒட்டியாணத்துக்குப் பதில் ஒரு தென்னங்கயிறு வந்து ஏறியது. சமையலறையில் அடுப்பு மண், பானை மண். ஆகவே வாழைப்பழம் வந்தது. தாம்பூலத்தில் சுண்ணாம்பு இல்லை. வெறும் வெற்றிலையை மென்ற மன்னரின் நாக்கு பச்சையாகவே இருந்தது.

சிம்மாசனத்தை நோக்கி நடந்தார். "பொன், மன்னா" என்றான் ஆவுடை. அப்படியானால் தரையில் உட்காருவேன் என்றார். "தரை கருங்கல். மேலே பூச்சு சுண்ணாம்பு. நிற்பதும் பயன்பாடுதான். அரண்மனையைவிட்டு வெளியே வரும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்."

இவ்வாறு அரைத் தாடியும் கயிற்று அரைஞாணுமாக மன்னர் மைதானத்துக்கு வந்தார். சபையோர் எல்லாரும் அங்கே ஏற்கெனவே வெறுங்காதும் வெறுங்கழுத்துமாக வெயிலில் நின்றிருந்தார்கள். பிரதானி கோபத்தோடு முன்னே வந்தார். "இவனைப் பிடித்து விலங்கிடுங்கள்" என்றார் காவலர்களிடம்.

"விலங்கு இரும்புங்க ஐயா. சிறைச்சாலை கல்லுங்க" என்றார் காவலர் தலைவர். அவர் கையில் ஈட்டிக்குப் பதில் ஒரு மூங்கில் கழி இருந்தது.

இதற்குள் மைதானத்தின் மறுபக்கம் பேரிரைச்சல் கிளம்பியது. நாடே திரண்டு வந்துகொண்டிருந்தது. எண்ணி முடித்த பொருளுக்குத் தடையில்லை என்ற செய்தியை மாடாத்தி வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போயிருந்தாள். நேற்றுவரை ஒளித்தவர்கள் எல்லாரும், "என்னை முதல்ல எண்ணுங்க, என்னை முதல்ல எண்ணுங்க" என்று முண்டியடித்தார்கள். உப்பளத்துக்காரர்கள் பாட்டன் காலத்து மணல் மேட்டை ஓலையோடு சேர்த்து ஒப்புக்கொண்டார்கள். மலையடிவாரத்தார் மீன் செதிலைக் காக்காப்பொன் என்று திருத்திக்கொண்டார்கள். கொல்லர், குயவர், சிற்பி, சாயத்துக்குப் படிகாரம் வாங்குகிறவர், வெளுப்புக்கு உவர்மண் வாங்குகிறவர், எல்லாரும் வந்தார்கள்.

எழுத்தாணி இரும்பு என்பதால் ஆவுடை எழுதவில்லை. கூடை கூடையாகப் புளியங்கொட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். எடுக்கிறவரை ஒரு பக்கமும் வாங்குகிறவரை எதிர்ப்பக்கமும் நிறுத்தினான். இவர் எவ்வளவு விற்றேன் என்று சொல்லும்போதே அவர் எவ்வளவு வாங்கினேன் என்று சொல்ல வேண்டும். ஒருவர் குறைத்தால் எதிரில் இருப்பவர் விடமாட்டார். ஒருவர் கூட்டினாலும் விடமாட்டார். இரண்டு பக்கமும் ஒத்துப்போனதும் கொட்டை கூடையில் விழும், "போகலாம்" என்று குரல் வரும். விடுதலை கிடைத்தவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேலைக்கு ஓடுவார். திருவிழாக் கூட்டம்போல் மைதானம் கலகலத்தது.

மன்னர் பொறுமையிழந்தார். "ஆவுடை, தூதர் வரும் நேரம். என் சவரக் கத்தியை முதலில் எண்ணு."

"வரிசை இருக்கிறது, மன்னா. அதோ அந்த அம்மாளுக்குப் பின்னால் நின்றுகொள்ளுங்கள்."

அந்த அம்மாள் மாடாத்தி. அவளை அந்த இடத்தில் நிறுத்தியதும் ஆவுடைதான். அவள் கழுத்தை நீட்டி நீட்டிச் சூரியன் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் வந்து நின்ற அரைத் தாடிக்காரரை ஏறிட்டுப் பார்த்தாள். மன்னரை அவள் பல்லக்கின் திரைக்குள்ளே தவிர வேறெங்கும் கண்டதில்லை.

"உங்க மூஞ்சியும் பாதியில மாட்டிக்கிச்சா?" என்றாள் இரக்கத்தோடு.

"ஆமாம்" என்றார் மன்னர். "நீ எதற்கு வந்தாய்?"

"காளவாயில நெருப்பு செத்துக்கிட்டு இருக்குய்யா. உச்சிக்குள்ள எண்ணலேன்னா எல்லாம் போச்சு."

"முன்பே கணக்குச் சொல்லியிருந்தால் இந்த அவதி இல்லையே. ஏன் மறைத்தாய்?"

"சொன்னா வரி ஏறும். வரிக்குப் பயந்து மட்டும் மறைச்சேன்னு நெனைக்காதீங்க, அது ஒரு பாதிதான். இருக்குன்னு தெரிஞ்சா அள்ளிட்டுப் போறாங்களே, அது மறு பாதி. வேகவெச்ச நல்ல சுண்ணாம்பு அத்தனையும், 'ராசா கட்டுற மண்டபத்துக்கு'ன்னு பிரதானி ஆளுங்க வண்டி வண்டியா ஏத்துறாங்க. மதகு கட்டுறவங்க வந்து கேட்டா குடுக்க எங்ககிட்ட கழிவுதான் மிச்சம். மழை வந்தா ஏரி நிக்குமா, சொல்லுங்க. ராசாவுக்கு மண்டபம் பெருசா, ஊருக்கு மதகு பெருசா?"

"எந்த மண்டபம்?" என்றார் மன்னர்.

"எனக்கென்ன தெரியும். கட்டுற ராசாவைத்தான் கேக்கணும்."

அப்போது ஆவுடையின் குரல் கேட்டது. "அடுத்து, காளவாய் மாடாத்தியம்மாள். அவருக்கு அடுத்து, மாட்சிமை பொருந்திய திருமேனிப் பூபதி மன்னர்."

மாடாத்தி திரும்பினாள். அரைத் தாடியைப் பார்த்தாள், கயிற்றைப் பார்த்தாள். அவள் முகத்தில் படிந்திருந்த வெள்ளைக்குக் கீழேயும் ஒரு வெள்ளை பரவியது. ஆனால் காளவாய் நினைவு அவளை நிமிர்த்திவிட்டது.

"ராசாவா இருந்தாலும் எனக்குப் பின்னாடிதான் வந்தீங்க. நான் முதல்ல சொல்லிட்டுப் போயிடுறேன்" என்றாள்.

"சொல்லிவிட்டுப் போ. முழுவதையும் சொல். உண்மையைச் சொன்னதற்காக இந்த நாட்டில் ஒருவருக்கும் வரி ஏறாது. இது என் வாக்கு" என்றார் மன்னர், எல்லோருக்கும் கேட்கும்படி.

மாடாத்தி மூச்சு விடாமல் சொன்னாள். எடுத்தது, வேகவைத்தது, கொத்தனாருக்குப் போனது, வெற்றிலைக் கடைக்குப் போனது, பிரதானியின் வண்டியில் போனது. கொத்தனாரும் கடைக்காரரும் எதிரில் நின்று ஆமாம் என்றார்கள். வண்டிச் சுண்ணாம்புக்கு எதிரில் மட்டும் ஆள் இல்லை. அந்தக் கொட்டைகள் தனியாக ஒரு பெரிய குவியலாக நின்றன. "நீங்கள் போகலாம்மா" என்றான் ஆவுடை. அவள் புடவையை வரிந்து கட்டிக்கொண்டு ஓடிய ஓட்டத்துக்குக் கூட்டம் விலகி வழிவிட்டது. சிறிது நேரத்தில் தெற்கே காளவாய்ப் பக்கம் கறுப்பாகப் புகை எழுந்தது. மைதானமே அதைப் பார்த்து ஆரவாரித்தது.

"பிரதானியாரே," என்றான் ஆவுடை, "தங்கள் வீட்டுச் சுண்ணாம்பு எவ்வளவு? ஊருக்கு வெளியே ஒரு புது மாளிகை வெள்ளை வெளேர் என்று நிற்கிறதே, முற்றத்தில் சுண்ணாம்பும் கல்லும் குவிந்து கிடக்கின்றனவே. எண்ணாத சுண்ணாம்பு பூசிய வீட்டில் தாங்கள் காலடி வைக்கக்கூடாது. இந்தக் குவியலுக்கு எதிரில் வந்து நில்லுங்கள்."

பிரதானி குவியலைப் பார்த்தார், மன்னரைப் பார்த்தார். அளவைச் சொன்னால் திருட்டு வெளிப்படும். "என் வீட்டில் சுண்ணாம்பே கிடையாது. மண் சுவர், ஓலைக் கூரை" என்றார்.

"அப்படியானால் அந்த வெள்ளை மாளிகை பிரதானியாருடையது அல்ல, மன்னா. வேறு யாரும் உரிமை கோரவும் இல்லை. சுண்ணாம்பை ராசா கட்டுகிற மண்டபத்துக்கு என்று சொல்லித்தான் ஏற்றியிருக்கிறார்கள். ஆகவே அது தங்களுடையது."

"என்னுடையதேதான்" என்றார் மன்னர். "அங்கே குவித்து வைத்திருக்கும் சுண்ணாம்பும் கல்லும் இன்றே மதகுக்குப் போகட்டும். மாளிகையில் ஆண்டுதோறும் இந்தக் கணக்கை எடுக்கிறவர்கள் உட்காரட்டும். மார்த்தாண்டப்பர் பொய் சொன்னவராக வேண்டாம். ஓலைக் கூரை போட்ட ஒரு மண் வீட்டை அவருக்குக் காட்டுங்கள். பதவி முத்திரையை இங்கேயே வைத்துவிட்டுப் போகலாம்."

பிரதானி தலை குனிந்து நடக்கும்போது எதிரே மேளதாளத்தோடு தூதர் வந்தார். அரைத் தாடியோடு வரிசையில் நிற்கும் மன்னரைக் கண்டு மேளம் தானாகவே நின்றுவிட்டது.

"இது என்ன கோலம்?" என்றார் தூதர்.

மன்னர் வெட்கப்படவில்லை. மதகு கட்ட எவ்வளவு சுண்ணாம்பு வேண்டும், எங்கிருந்து வரும், உப்பளத்து உப்பு எந்தச் சந்தைக்குப் போகிறது, படிகாரம் யாருக்கு வேண்டும் என்று வரிசையில் நின்றபோது காதில் விழுந்ததையெல்லாம் ஒரு மூச்சில் சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கே உற்சாகம் கரைபுரண்டது. "உங்கள் நாட்டில் இதை எப்படி எடுக்கிறீர்கள்?" என்று கேட்டார்.

தூதர் தயங்கினார். "எங்கள் பிரதானி சொல்லுவார். நாங்கள் கேட்டுக்கொள்வோம்."

அந்தப் பதிலைக் கேட்டதும் மன்னருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதலில் மீசைக்குள் வந்தது, பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தது. மழித்த கன்னமும் மழிக்காத கன்னமும் ஒன்றுபோல் குலுங்கின. ஆவுடை சவரக் கத்திக்கும் ஒரு கொட்டையைப் போட்டுவிட்டான். நாவிதர் கத்தியோடு பின்னாலேயே நின்றார், முகம் ஒரு நிலையில் நிற்காததால் மழிக்க முடியவில்லை.

சிரித்து ஓய்ந்ததும் ஆவுடையை அணைத்துக்கொண்டார். "பொன்னாகக் கொட்டிக் கொடுக்க ஆசைதான். ஆனால் கருவூலத்தை நீ இன்னும் எண்ணவில்லை. தோண்டி எடுத்த எதையும் நான் தொட முடியாது. அதனால் தோண்டாத மண்ணாகவே தருகிறேன். ஏரிக்குக் கீழே நல்ல நன்செய், உன் கண்ணுக்கு எட்டும்வரை உனக்கு."

ஆவுடை விழுந்து வணங்கினான். எழுந்தபோது அவன் முகத்தில் ஒரு சந்தேகம் இருந்தது.

"மன்னா, அதை உழலாமா? உழுதால் தோண்டியதாக ஆகிவிடுமே."

மன்னர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். மறுபடியும் சிரிப்புதான் வந்தது. நாவிதர் பெருமூச்சு விட்டபடி கத்தியை மடக்கிக்கொண்டார்.